காளியண்ணனுக்குப் போன இன்சுலின்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, சேலத்துக்குப் போய் எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பரிசோதனை செய்துகொள்வது. இரண்டு, திரும்பும்போது ஒரு சின்ன பாட்டில் மருந்து வாங்கி வருவது.

அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அப்படித்தான் நானும் நினைத்தேன்.

முதல் வேலைக்குக் காரணம் தாகம். மூன்று மாதமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். குடித்ததை வெளியேற்ற ராத்திரியில் நாலு தடவை எழுந்து போனேன். இது வயசா, வியாதியா, இல்லை உள்ளே ஏதோ நிறைவேறாத ஆசையா என்று யோசித்தபடியே இருந்தேன். என் குணம் அது. மற்றவர்கள் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பார்கள். நான் தாகம் ஏன் எடுக்கிறது என்று உட்கார்ந்து யோசிப்பேன்.

ஐம்பத்து மூன்று வயதில் இந்த யோசனைக்குப் பதில் சொன்னவள் என் மனைவி.

"யோசிச்சது போதுமுங்க. போய் ரத்தத்தைக் குடுத்துட்டு வாங்க."

இரண்டாவது வேலை சவரிமுத்துவுடையது. மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். அவர் மகள் செல்வி என்னிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பதினோரு வயசு. அவளுக்குச் சர்க்கரை நோய். தினம் காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் இரண்டு நாளில் பிள்ளை படுத்துவிடும். அதற்கு மேல் என்ன ஆகும் என்பதைச் சவரிமுத்து ஒரு தடவை பார்த்திருக்கிறார். அதைப் பற்றிப் பேசமாட்டார்.

விஷயம் அவர்கள் வீட்டுக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வருகிற வருஷம் ஹாஸ்டலில் சேர்க்கமாட்டார்கள் என்று அப்பாவுக்குப் பயம். பின்னாளில் கட்டிக்கொடுப்பது எப்படி என்று அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பயம்.

இதில் வரும் பெண்ணின் பெயரையும் அப்பாவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊருக்கு இந்தப் பத்திரிகை ஒரே ஒரு பிரதி வருகிறது. அது என் வீட்டுக்கு வருகிறது. ஆகவே ஆபத்தில்லை. அசட்டுத்தனங்களில் மட்டும் எதையும் மாற்றவில்லை.

வழக்கமாகச் சவரிமுத்துவே போய் வாங்கி வருவார். அன்றைக்கு மானேஜரை எங்கேயோ கூட்டிப்போகவேண்டும். திங்கள் மாலை வந்து நின்றார்.

"சார், நாளைக்குக் காலைல ஊசிக்குத்தானுங்க மருந்து இருக்குது. சாயங்காலத்துக்கு இல்லீங்க. நீங்க வர்றப்ப ஒண்ணு வாங்கியாந்துருங்க. ஆருக்குன்னு மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க."

"என்ன சவரிமுத்து, என்கிட்டயா இதைச் சொல்லணும்?"

சொல்லியிருக்கவேண்டும். இன்னும் நாலு தடவை சொல்லியிருக்கவேண்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு மலை இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரிகிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மெதுவடை. இறைவன் இருக்கிறாரா என்ற சந்தேகம் எனக்கு அவ்வப்போது வரும். ஒன்பதாவது வளைவில் உறுதியாக வந்தது.

லேபில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு பாட்டிலைக் கொடுத்து அதையும் வாங்கிக்கொண்டார்கள். நான் கொடுத்ததை ஒரு நீல மருந்தில் சில சொட்டு விட்டுச் சூடுபடுத்தினான் ஒரு பையன். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் ஆரஞ்சாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

எனக்குள் இத்தனை வண்ணங்கள் இருப்பது எனக்கே தெரியாது.

"சர்க்கரை சும்மா தூள் பறக்குது சார்" என்றான் அவன், பரீட்சையில் நான் முதல் மார்க் வாங்கியதுபோல. "போய் நல்லா சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. இன்னொரு ரத்தம் எடுக்கணும். அப்புறம் டாக்டரைப் பாக்க ரெண்டு மணி ஆயிரும்."

'நல்லா' என்ற சொல்லை நான் மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன். பொங்கல், இரண்டு வடை, கடைசியாக ஒரு காசி அல்வா. இனிமேல் கிடைக்காது என்ற துக்கத்தில் சாப்பிட்டது. கணக்கில் சேராது.

சாப்பிட்ட கையோடு மருந்துக் கடைக்குப் போய் இன்சுலின் வாங்கினேன். இங்கேதான் என் அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது.

"குளிர்ச்சியா வெச்சுக்கங்க. ஆனா ஐஸ்ல நேரா படக்கூடாது" என்றார் கடைக்காரர்.

அகலவாய் பிளாஸ்க் ஒன்று கொண்டுபோயிருந்தேன். சோடாக் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பினேன். மருந்தைப் பஞ்சில் சுற்றி, சோப்பு டப்பாவில் போட்டு, டப்பாவை நடுவில் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. மணி பத்து.

அப்போதுதான் உறைத்தது. டாக்டரைப் பார்க்க மணி இரண்டு. ஊர் போய்ச் சேர ஐந்து. சேலத்து வெயில். ஐஸ் உருகும் என்பது விஞ்ஞான வாத்தியாருக்குத் தெரியும். எத்தனை மணி நேரத்தில் என்பதுதான் தெரியாது.

பிளாஸ்க்கைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். சலசலவென்றது. பதினொரு மணிக்கு இன்னொரு ரத்தம் கொடுத்துவிட்டு மறுபடி குலுக்கினேன். இன்னும் அதிகமாகச் சலசலத்தது. ஒரு பிள்ளையின் உயிர் என் கையில் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

என்ன செய்வது? எங்கள் மலைக்காரர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் மலையில் தபாலைவிடக் கண்டக்டரை நம்புவோம். புதுச் சட்டை, கோழிக்குஞ்சு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பஸ்ஸில்தான் போகும். விலாசம் தேவையில்லை. பேரைச் சொன்னால் போதும், போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சொன்ன பேர் இருபது வளைவு முடிவதற்குள் மலை முழுக்கவும் போய்ச் சேர்ந்துவிடும்.

எனவே பேரைச் சொல்லக்கூடாது. வாக்கு கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் மனைவி அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு பூட்டு.

பன்னிரண்டு மணி பஸ் கண்டக்டர் தெரிந்தவர்தான்.

"ஏனுங்க, இதைக் கொட்டச்சேடு டீக்கடையில வெச்சுருங்க. நானு பொறகால வந்து எடுத்துக்குவேன்."

"என்னங்க சார் உள்ள?"

"சுகர் மருந்து. ஐஸ் கரையறதுக்குள்ள போகணும்."

"ஆருக்குங்க?"

நான் மர்மமாகப் புன்னகை செய்தேன். "சுகர் உள்ளவங்களுக்குத்தான்."

என்ன சாதுரியம்! ஒரு பேரும் வெளியே வரவில்லை. பஸ் கிளம்பியபோது என் ராஜதந்திரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சர்க்கரை நோய்னா என்னன்னு தெரியுங்களா?"

"தெரியுமுங்க. நான் விஞ்ஞான வாத்தியார்."

"அப்ப எனக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு, மிச்சம் பிடிக்காமல் கால் மணி நேரம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். மனசு பஸ்ஸில் இருந்தது. இப்போது கடைசி வளைவு தாண்டியிருக்குமா, கண்டக்டர் இறக்கி வைத்திருப்பாரா, டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கத்தில் வைத்துத் தொலைத்துவிடுவாரோ. நடுநடுவே டாக்டரின் சொற்கள் காதில் விழுந்தன. ரத்தத்தில் சர்க்கரை நிற்கிறது. உடம்புக்குள் போகவில்லை. முதல் வகை, சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. இரண்டாவது வகை, உங்களுடையது. இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு இல்லை என்று தெரிந்ததும் கேட்பதை விட்டுவிட்டேன்.

"புரிஞ்சுதுங்களா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

இருபத்தைந்து வருஷமாக என் வகுப்புப் பிள்ளைகள் இதே முகத்தோடுதான் என்னிடம் இதே பதிலைச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மாத்திரைச் சீட்டோடு ஐந்து மணிக்குக் கொட்டச்சேட்டில் இறங்கினேன். டீக்கடை பூட்டியிருந்தது. வாசலில் சவரிமுத்து ஜீப்போடு நின்றார். என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"சார், மருந்துங்க?"

"உள்ளதான் இருக்கும்."

"கடை காலைல இருந்து பூட்டிக் கெடக்குதுங்க. எழவுக்குப் போயிட்டாங்க."

என் காலடியில் மலை ஒரு அங்குலம் இறங்கியதுபோல இருந்தது.

நல்லவேளை, மாரமங்கலம் வரை போன அந்தப் பன்னிரண்டு மணி பஸ் அப்போதுதான் திரும்பி வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே சிரித்தார்.

"சார், உங்க சாமான் பத்திரமா சேந்துருச்சுங்க!"

"எங்கீங்க சேந்துச்சு?"

"கடை பூட்டுங்க. மருந்தாச்சே, சும்மா உட்டுப்போட்டுப் போக மனசு வரலீங்க. அப்பறம் நெனச்சுப் பாத்தனுங்க. நம்ம மலையில சுகருன்னா ஆரு? மாரமங்கலம் காளியண்ணன் தானுங்க! அவரு கையிலயே குடுத்துட்டேன். நொம்ப சந்தோசப்பட்டாருங்க. கண்ணுல தண்ணியே வந்துருச்சு!"

விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

காளியண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். மிளகுத் தோட்டக்காரர். அறுபது வயசு. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அதை ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை பாதி வெளியே தெரியும்படி இருக்கும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவரிடம் முதல் வார்த்தையே, "எனக்குச் சுகருங்க."

அவருக்கு ஒரே ஒரு குறை. டாக்டர் வெறும் மாத்திரை கொடுத்தே ஏமாற்றுகிறார் என்பது. எங்கள் பக்கத்தில் ஊசி போட்டால்தான் வைத்தியம். மாத்திரை என்பது, எழுந்து போ என்று சொல்வதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் மரியாதையான வழி. இரண்டு வருஷமாக ஊசிக்கு ஏங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் ஊசி மருந்து வீடு தேடி வந்திருக்கிறது.

கண்ணில் தண்ணீர் வராமல் என்ன செய்யும்?

"ஏறுங்க சார்" என்றார் சவரிமுத்து.

ஜீப் பறந்தது. நான் சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐஸ் கரைஞ்சுருமேன்னுதான் சவரிமுத்து..."

"ஐஸ் எதுக்குங்க சார்? எங்கூட்ல தண்ணிப் பானைக்குள்ளதானுங்க வெப்போம். நம்மூருக் குளுருக்கு அதுவே போதும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. நானு வாங்கியாரப்ப துண்டை நனைச்சுச் சுத்திக் கொண்டாருவேன்."

"அதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நீங்க படிச்சவங்கன்னு..."

ஜீப் மாரமங்கலம் ரோட்டில் திரும்பியது. ஒரு மனிதன் எதற்காகப் படிக்கிறான் என்ற கேள்வி என்னை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. அன்று பதில் கிடைத்தது. ஈரத் துண்டில் முடிகிற காரியத்துக்கு ஒரு பிளாஸ்க் நிறைய ஐஸ் வாங்குவதற்காக.

காளியண்ணன் வீட்டு வாசலில் கூட்டமில்லை. ஆனால் ஒரு விசேஷக் களை இருந்தது. வாசல் பெஞ்சில் அவர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் நம் பாட்டில். எதிரே பக்கத்து எஸ்டேட் கம்பவுண்டர் ஸ்டவ்வில் ஒரு பாத்திரத்தை வைத்துக் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே!" என்று எழுந்தார் காளியண்ணன். "சேலத்து டாக்டர்கிட்ட எனக்காகப் பேசி ஊசி வாங்கியாந்தீங்களாமா. தெய்வமுங்க நீங்க! மத்தியானத்துல இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. ஊசின்னா வெறும் வயித்துல போட்டாத்தானே புடிக்கும்?"

கம்பவுண்டர் சிரிஞ்சை இடுக்கியால் எடுத்து உதறினார். "எவ்வளவு போடறதுன்னு சீட்டு வரலீங்க சார். நானு ஒரு சிரிஞ்சு முழுசாப் போடலாம்னு இருக்கேன். ஆளு பெருசு பாருங்க."

டாக்டர் சொன்னதில் எது மறந்தாலும் இது எனக்குத் தெரியும். தேவையில்லாமல் இன்சுலின் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வெறும் வயிற்றில் அத்தனையும் ஏறினால் காளியண்ணன் மயங்கி விழுவார். எழுந்திருப்பார் என்று சொல்லமுடியாது. செல்விக்கு மருந்தும் இருக்காது. ஒரே சிரிஞ்சில் இரண்டு பேர்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கம்பீரமாகக் கத்தத்தான் நினைத்தேன். கோழி மிதிபட்டதுபோல வந்தது. இருந்தாலும் நிறுத்தினார்கள்.

"இது உங்களுக்கு இல்லீங்க அண்ணா. இது வேற வகை சர்க்கரைக்கு."

காளியண்ணன் முகம் மாறியது. "சர்க்கரையில ஏதுங்க வகை? அஸ்கா, வெல்லம், கருப்பட்டிங்கறீங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி பாவாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரு சொல்றதைக் கேளுங்க. உங்களுக்கு எல்லாத்துக்கும் வாய்தான் முன்னால."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கரும்பலகை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதில் கணையத்தை வரைந்துவிட்டுத் திரும்பாமலே நின்றுகொண்டிருக்கலாம். இத்தனை வருஷம் அதைத்தானே செய்தேன்?

"நம்ம உடம்பு ஒரு எஸ்டேட்டுன்னு வெச்சுக்கங்க" என்று ஆரம்பித்தேன். "சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்துல வருது. அதுதான் வேலையாளுங்க. ரோட்டுல வந்து நிக்கறாங்க. உள்ள போனாத்தான் வேலை நடக்கும். கேட்டைத் தொறந்து உடறதுக்கு ஒரு வாச்மேன் வேணுமுங்களே. அந்த வாச்மேன்தான் இன்சுலின். கேட்டு தொறக்கலீன்னா அத்தனை பேரும் ரோட்டுலயே நிப்பாங்க. எஸ்டேட்டுக்குள்ள வேலை கெட்டுப்போகும். அதுதானுங்க சர்க்கரை வியாதி."

"அட!" என்றார் கம்பவுண்டர். அவருக்கே புதிதாக இருந்தது.

"முதல் வகையில வாச்மேனே கெடையாதுங்க. உடம்பு ஒருத்தரைக்கூட அனுப்பாது. வெளியில இருந்து ஊசி வழியா தெனமும் ஆளை அனுப்பணும். இல்லீன்னா உசுருக்கே ஆபத்து. உங்களுது ரெண்டாவது வகை. எனக்கும் அதேதானுங்க, இன்னிக்குத்தான் சொன்னாங்க. நமக்கு வாச்மேன் இருக்காரு. ஆனா கேட்டு துருப்புடிச்சுப் போச்சு. அவரு தள்ளித் தள்ளி ஓஞ்சு போறாரு. அதுக்குத்தான் மாத்திரை, நடை, வாயைக் கட்டறது."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு தெளிவு! டாக்டர்கூட இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நான் கேட்கவில்லை.

காளியண்ணன் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க வாத்தியாரே, கேட்டு துருவுன்னா, ஒரு ஆளு தள்ளித் தொறக்கலீன்னா, ஊசியில இன்னும் நாலு ஆளை அனுப்பித் தள்ளச் சொன்னாத் தொறக்காதுங்களா?"



அது சரியான கேள்வி. இரண்டாவது வகைக்காரர்களுக்கும் சில நேரம் டாக்டர்கள் ஊசி கொடுப்பது உண்டு. இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததில்லை. வாய்த்தபோது அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எதிரியாக உட்கார்ந்திருந்தார்.

"தொறக்கும்... ஆனா... அது டாக்டர் அளவு பாத்து..."

"பாத்தியா! தொறக்குமாமா! கம்பவுண்டரே, நீ போடு சாமி!"

"இருங்க!" என்றார் பாவாயி. "வாத்தியாரே, எனக்கு ரெண்டாவது புள்ளை வயித்துல இருக்கறப்ப சிஸ்டரம்மா சுகருன்னாங்க. புள்ளை பொறந்ததும் போயிருச்சுன்னாங்க. அது எந்த வகைங்க?"

மூன்றாவது! டாக்டர் அதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். கர்ப்பகாலத்தில் வருவது. என் மனசு பஸ்ஸில் இருந்தபோது அவர் சொன்னது.

"அதுவும் ஒரு வகைங்க" என்றேன் பலவீனமாக. "கேட்டு... மாசமா இருக்கறப்ப... தற்காலிகமா..."

"வாத்தியாருக்கே தெரியலடி" என்றார் காளியண்ணன் வெற்றியோடு. "எனக்கு ஊசி வரக்கூடாதுன்னு பாக்கறாரு. காலைல இருந்து ஒரு மலைவாழைப் பழம் திங்காம இருக்கேன் நானு!"

"எட்டு தின்னீங்க" என்றார் பாவாயி. "தோலை எண்ணியாச்சு."

கம்பவுண்டர் பாட்டிலின் அலுமினிய மூடியை நகத்தால் நெம்பினார். மூடி கழன்று தாம்பாளத்தில் 'டிங்' என்று விழுந்தது. ஊசியை ரப்பரில் வைத்தார். இதற்குமேல் என்னிடம் எஸ்டேட்டும் இல்லை, கேட்டும் இல்லை. மணி ஆறு ஆகப்போகிறது.

அதுவரை ஜீப் பக்கத்திலேயே நின்ற சவரிமுத்து முன்னால் வந்தார்.

"அண்ணா, அது எம்புள்ளைக்குங்க."

கம்பவுண்டர் ஊசியை ரப்பரிலிருந்து எடுத்தார்.

"பதினோரு வயசுங்க. தெனம் ரெண்டு ஊசி. இன்னிக்குச் சாயங்காலத்துக்கு ஊட்ல மருந்து இல்லீங்க. ஊசி போடாமச் சோறு போட முடியாது. உக்காந்துக்கிட்டு இருக்குது."

பாவாயி போய் ஸ்டவ்வை அணைத்தார்.

காளியண்ணன் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"சின்னப் புள்ளைக்கு எப்படிங்க சுகரு? நெறைய முட்டாய் தின்னுச்சா?"

"இல்லீங்க அண்ணா" என்றேன். "தின்னு வர்றதில்லீங்க அது. ஆரு தப்புமில்ல."

"அப்ப நாந்தான் தின்னு வரவெச்சவனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கம்பவுண்டர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். பஞ்சில் சுற்றினார். சோப்பு டப்பாவில் வைத்தார். பிளாஸ்க்கில் இருந்த தண்ணீரைக் கொட்டினார். பாவாயி ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். ஐஸைவிடக் குளிர்ச்சி.

"புள்ளை பேரு வெளிய போகக்கூடாதுங்க அண்ணா" என்றார் சவரிமுத்து.

"போடா சாமி. என்ற உசுரு போனாலும் இந்த வாய் தொறக்காது. கம்பவுண்டரே, உனக்குந்தான். தொறந்தே, உன்ற சிரிஞ்சை உனக்கே போட்டுருவேன்."

காளியண்ணன் வாய் திறக்காது என்பதை நான் நம்பவில்லை. அருவியிடம் சத்தம் போடாதே என்று சொல்வதுபோல. ஆனால் நேரம் இல்லை. ஏறினோம்.

ஆறே முக்காலுக்குச் செல்வி தன் தொடையில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. நான்தான் திரும்பிக்கொண்டேன். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாருக்கு டெஸ்ட்டுல என்னங்க சொன்னாங்க?"

"எனக்கும் சர்க்கரைதான் கண்ணு. ரெண்டாவது வகை."

"மாத்திரையா?" என்றாள். கபடி ஆடுகிறவர்கள் கேரம் ஆடுகிறவர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "பரவால்லீங்க சார். வாயைக் கட்டுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அல்வா தின்னிருக்கீங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறினேன். சீட்டில் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் என் பையை வாங்கிக்கொண்டார். கண்டக்டர் கண்கலங்க வந்தார்.

"சார், என்னை மன்னிச்சுருங்க. அந்த ஊசி மருந்து உங்களுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா உங்க கையவிட்டு வாங்கியிருப்பனா? காளியண்ணன் எல்லாத்தையும் சொன்னாருங்க. தெனம் ரெண்டு ஊசியாமே! இந்த ஒடம்போட பள்ளிக்கோடம் வேற வர்றீங்களே!"

அன்று மாலை காளியண்ணன் ஒரு பை நிறையப் பாகற்காயோடு என் வீட்டுக்கு வந்தார். நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"எனக்கு வந்த மருந்து எங்க போச்சுன்னு ஊரே கேக்குதுங்க. நாலு நாளுமா வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால ஆகலீங்க. புள்ளை பேரையா சொல்ல முடியும்? உங்க பேரைச் சொல்லிப்போட்டேன். வாத்தியாருன்னா தாங்குவீங்கல்ல?"

அன்றிலிருந்து ஆவாரம்பூ வருகிறது, நாவல் கொட்டை வருகிறது, சிறுகுறிஞ்சான் பொடி வருகிறது. பாகற்காய் வைக்க வீட்டில் இடமில்லை. என் முதுகுக்குப் பின்னால், "பாவம், எத்தனை நாளோ" என்கிறார்கள்.

எனக்கு ஊசி வகை இல்லை, வெறும் மாத்திரை வகைதான் என்று சொல்லிவிடலாம். சொன்னால், அப்புறம் அந்த ஊசி யாருக்கு என்று கேட்பார்கள்.